கைவிட்டுப் போகும் நகல்கள்: வங்கிப் பழக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வங்கிக் கிளையில் கணக்குத் தொடங்கும் பிரிவில் நெடுநாளாகப் பணியாற்றி வருகிறேன். செல்பேசியில் பணம் அனுப்பப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள், இணைய வங்கிச் சேவை வந்த காலத்தில் எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே அச்சு மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. ஓடிபியைச் சொல்லாதீர்கள், ஏடிஎம் அட்டையின் பின்புறம் இரகசிய எண்ணை எழுதாதீர்கள் என்பவற்றை வங்கிகளே ஓயாமல் குறுஞ்செய்தியில் சொல்லிவருவதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப்புக்கு ஆவணங்களை அனுப்புவது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஆதார், பான் அட்டை, பாஸ்புக்கின் முதல் பக்கம், ஆறு மாத ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அனுப்பி அச்செடுத்து, தாள்களை மட்டும் கவனமாக எண்ணி வாங்கி வருகிறவர்கள், கோப்புகள் அங்கேயே தங்கிவிட்டதை நினைப்பதில்லை. ஒரு கடையில் நான் அச்செடுக்கக் காத்திருந்தபோது கணினியில் டவுன்லோட்ஸ் திறந்தே கிடந்தது. ஊர்க்காரர்களின் ஆதார் முகங்கள் சிறு சிறு படங்களாகத் திரை முழுக்க நின்றன. கடைக்காரர் நாணயமானவர்தான், ஆனால் அந்தக் கணினியின் முன் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

கடவுச்சொல் இருக்கிறதே என்பார்கள். இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்ததுதான் என்பது ஊரறிந்த செய்தி. போதாக்குறைக்கு, அச்செடுக்க வேண்டும் என்று அதையும் நாமே தட்டச்சு செய்து அனுப்பிவிடுகிறோம்.

எண் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள், ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் முறையைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். அதில் ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை ஆகியவை இருந்தால் போதும். பொதுவாக இரகசிய எண்ணோ ஓடிபியோ கேட்பதில்லை. பத்திரப்பதிவு ஆவணங்களிலுள்ள ரேகைகளைப் படியெடுத்துப் பணம் திருடிய வழக்குகள் நாட்டில் பதிவாகியுள்ளன. முதியோர் உதவித்தொகை பெறும் அம்மா ஒருவர் பாஸ்புக்கில் பதிவு போட வந்தபோது, அவர் எடுக்காத தொகைகள் வரிசையாக அச்சாகி வந்தன. "நான் வீட்டை விட்டே நகரலையே சார்" என்றார். ஆதார் நகலை எங்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, கேஸ் ஏஜென்சி, மகளிர் குழு, தெருவில் குடை போட்டு சிம் விற்றவர் என்று அடுக்கிக்கொண்டே போனார். எண் எங்கிருந்து கசிந்தது என்பதைக் கடைசிவரை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இதற்கு வழி இருந்தும் யாரும் பயன்படுத்தாததுதான் வேதனை. ஆதார் இணையதளத்தில் பதிவிறக்கும்போது மாஸ்க்டு ஆதார் என்பதைத் தேர்ந்தெடுத்தால் முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டுமே தெரியும். அடையாளம் காட்டுவதற்குப் பெரும்பாலும் அதுவே போதுமானது. கைரேகையை அதே தளத்தில் பூட்டி வைத்து, தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளலாம். தாளில் நகல் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், எதற்காக, யாருக்கு, எந்தத் தேதியில் என்று படத்தின் மேலேயே குறுக்காக எழுதிக் கையொப்பமிடுங்கள். அச்சு முடிந்ததும் கோப்பை உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அடுத்தவர் மின்னஞ்சலைப் படிவத்தில் எழுதுவது

தமக்கு மின்னஞ்சல் இல்லையென்று, படிவம் நிரப்பிக் கொடுத்தவரின் முகவரியையே எழுதிவிடுகிறார்கள். மாதாமாதம் ஸ்டேட்மென்ட் அவருக்குத்தான் போகும். அதன் கடவுச்சொல் பெரும்பாலும் பெயரின் சில எழுத்துகளும் பிறந்த தேதியுமாக இருக்கும். அதை எப்படி அமைப்பது என்ற விளக்கமும் அதே மின்னஞ்சலில் வரும். பிறந்த தேதியோ, அவர் நிரப்பிய படிவத்திலேயே இருந்தது. வங்கிக்கென்று தனி முகவரி தொடங்கி, வேறெங்கும் அதைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

செல்பேசி எண்ணே யுபிஐ முகவரியாக இருப்பது

பணம் பெறுகிறவருக்கு எண்ணும் போய்ச் சேரும். செயலியிலேயே எண் இல்லாத வேறு முகவரி அமைத்துக்கொள்ளலாம்.

பில் போடும் இடத்தில் எண்ணைச் சொல்வது

மறுக்கலாம். வாடிக்கையாளரின் எண்ணை வற்புறுத்திக் கேட்கக் கூடாதென்று 2023 மே மாதத்திலேயே நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

பழைய சிம்மை அப்படியே விட்டுவிடுவது

ரீசார்ஜ் செய்யாமல் முடங்கிய எண், 90 நாள் இடைவெளிக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கப்படலாம். உங்கள் கணக்கு விவரங்கள் அவருக்குக் குறுஞ்செய்தியாகப் போய்க்கொண்டிருக்கும். முதலில் வங்கியில் எண்ணை மாற்றுங்கள், பிறகு சிம்மை விடுங்கள்.

புகாரைத் தள்ளிப்போடுவது

வாடிக்கையாளர், வங்கி இரு தரப்பிலும் தவறில்லாமல் பணம் போயிருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு எதுவும் சேராது என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை சொல்கிறது. நம் கவனக்குறைவால் போயிருந்தால், புகார் கொடுக்கும்வரை ஏற்பட்ட இழப்பு நம்முடையது. எனவே உடனே இணையவழிப் பண மோசடிக்கான உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். கிளையிலும் எழுத்து மூலம் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.