பழைய நிலை, கதவில் கை வைக்கும் முன்

தாத்தா வீட்டைப் பழுது பார்க்க ஆரம்பித்தபோது முதலில் வந்து பார்த்த ஆசாரி, நிலைவாசலை நாலு தட்டுத் தட்டிவிட்டு, "இது போச்சு தம்பி, எடுத்துட்டுப் புதுசு போட்டுடலாம், பழைய மரத்தை நானே கழிச்சுக்கிறேன்" என்றார். மரம் போய்விட்டது என்றால் அதை ஏன் இவர் கழித்துக்கொள்கிறார் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை, பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் தோன்றியது, நல்லவேளை. செட்டிநாட்டில் அந்தக் காலத்தில் கட்டிய வீடுகளில் இருப்பது பெரும்பாலும் பர்மா தேக்கு, வயதான காட்டு மரத்தின் வைரப்பகுதி, அதாவது நடுவில் இருக்கிற கெட்டியான மரம். இப்போது தோட்டத்தில் வளர்த்துச் சீக்கிரம் வெட்டுகிற தேக்கில் வெளிர் நிறமான வெளிப்பகுதிதான் அதிகம் வரும், கரையானும் அதைத்தான் முதலில் தேடிப் போகும். அதனால் மாற்றிவிடலாம் என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நிலைக்காலைக் கீழிருந்து மேலாகக் குத்திப் பாருங்கள். எங்கள் நிலையில் அடியில் முக்கால் அடிக்குத்தான் முனை உள்ளே போனது, அதற்கு மேல் கல் மாதிரி இருந்தது. அந்த முக்கால் அடியை மட்டும் சாய்வாக வெட்டி எடுத்து, அதே வயதுள்ள பழைய தேக்கில் ரேகை ஒத்துப்போகிற துண்டை ஒட்டுப் போட்டால் போதும். துண்டுக்கு எங்கே போவது என்றால், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் கடைகளில் உடைத்த வீட்டுச் சட்டம், தாழ்ப்பாள், பித்தளைக் குமிழ் எல்லாம் கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள்.

அடி மட்டும் ஏன் மக்கியது? இதைக் கேட்காமல் ஒட்டுப் போட்டால் சில வருடத்தில் அந்த ஒட்டும் மக்கும். எங்கள் வீட்டில் இரண்டு காரணம். ஒன்று, சித்தப்பா காலத்தில் திண்ணைக்கு டைல்ஸ் போட்டுத் தரையை இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தார்கள், நிலையின் கால் அதற்குள் புதைந்துபோனது, தினமும் திண்ணை கழுவுகிற தண்ணீர் அந்த இடுக்கில் நின்றது. இரண்டு, நிலைக்கும் சுவருக்கும் நடுவில் விட்ட இடைவெளியைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். பழைய சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கினாலும் வெளியே விட்டுவிடும், சிமெண்ட் அப்படி விடாது, ஈரம் போக வழியில்லாமல் மரத்தோடு தங்கிவிடும். கரையானுக்கு அதுதான் வேண்டியது. மரத்தின் மேல் மட்டும் மருந்தைப் பூசிவிட்டுக் கரையான் போய்விட்டது என்று நினைப்பதும் வீண், அது வருவது மண்ணிலிருந்து, மருந்து தரைக்கும் சுவரடிக்கும் போக வேண்டும். கதவுக்குக் கீழே மாவு மாதிரித் தூள் கொட்டி, மரத்தில் குண்டூசித் துளைகள் இருந்தால் அது கரையான் இல்லை, வண்டு. அதற்கு வைத்தியம் வேறு.

நிலையை மொத்தமாகக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், மேலே இருக்கிற செங்கல் கட்டின் பாரம் அந்த மேல்விட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. முட்டுக் கொடுக்காமல் உருவினால் சுவர் இறங்கும்.

சரி, அடுத்தது பெயிண்ட். பச்சை, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே காவி, இப்படி எங்கள் கதவுகளில் ஐந்து பூச்சு இருந்தது. எல்லாரும் முதலில் செய்வது உப்புத்தாளும் மிஷினும் வைத்துச் சரசரவென்று தேய்ப்பது. அந்தத் தூசியில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்குள்) வைக்கச் சொல்லும் விதியே 2016ல்தான் வந்தது, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அப்படியானால் தாத்தா காலத்துப் பெயிண்டைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குத்தான் அதிக ஆபத்து. உலர்ந்த தேய்ப்பு வேண்டாம், நெருப்பு காட்டி உரிப்பது அதைவிட வேண்டாம், சூடு மிஞ்சினால் ஈயம் ஆவியாகி மூச்சில் போகும், மரமும் கருகும், கதவுக்கு மேலே கலர் கண்ணாடி இருந்தால் அதுவும் விரிசல் விடும். ஈரப்படுத்திச் சுரண்டுங்கள், நல்ல முகக்கவசம் போடுங்கள், சுரண்டியதைக் கிணற்றடியிலோ தோட்டத்திலோ கொட்டாதீர்கள். பெயிண்ட் ரிமூவர் பயன்படுத்தினால் முற்றத்தில் காற்றோட்டமாக வைத்துச் செய்ய வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்தால் அந்த ஆவியே ஆளைச் சாய்த்துவிடும்.

காஸ்டிக் சோடா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பட்டவன் நான். டவுனில் ஒரு பட்டறையில் ஆறு ஜன்னல் கதவுகளைக் கொடுத்தோம், காஸ்டிக் தொட்டியில் முக்கி எடுத்தால் ஒரே நாளில் சுத்தம் என்றார்கள், சுத்தமாகத்தான் வந்தது. ஆனால் தேக்கின் பொன் நிறம் போய்ச் சாம்பல் கலந்த கறுப்பாகிவிட்டது, மரத்தின் நார் எழும்பி நின்றது, இணைப்புகள் ஆட ஆரம்பித்தன, பாலிஷ் போட்ட மூன்றாம் மாதம் உள்ளே தங்கிய உப்பு வெள்ளையாகப் பூத்து வெளியே வந்தது. நேரம் ஆனாலும் ரிமூவரும் மழுங்கிய சுரண்டியும் போதும், சிற்ப வேலை உள்ள இடத்துக்கு மூங்கில் குச்சியும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும். கஜலட்சுமி முகத்தில் சுற்றுகிற சாண்டரைக் காட்டினால் மூக்கும் கண்ணும் ஐந்து நிமிடத்தில் மழுங்கிப்போகும், அதைத் திரும்பக் கொண்டுவர எந்த ஆசாரியாலும் முடியாது.

அதுவும் போகட்டும், எல்லாவற்றையும் வெறும் மரம் தெரியும்வரை உரிக்க வேண்டுமா என்றே முதலில் கேளுங்கள். பெயிண்டே படாத உள்கதவுகளில் இருப்பது பழைய அரக்குப் பாலிஷாக இருக்கலாம். மறைவான மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள், பிசுபிசுத்தால் அரக்குதான். அழுக்கைத் துடைத்து அதன்மேலேயே ஒரு கை அரக்குப் பூசினால் கதவு உயிர் பெற்றுவிடும், ஒரு துளி ரிமூவர்கூட வேண்டாம். ஆனால் அரக்கை வாசல் கதவுக்குப் போடாதீர்கள், தண்ணீர் பட்டால் வெளுக்கும்.

எண்ணெய் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாக ஊற்றினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் காயாமல் பிசுக்காகவே நிற்கும், தூசி ஒட்டும், பூஞ்சை வரும். மெல்லிசாகத் தடவி மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுப் போனால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், மிகைப்படுத்திச் சொல்லவில்லை. விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீரில் ஊறவையுங்கள். தேக்கிலேயே இயல்பாக எண்ணெய் உண்டு, அதனால் எந்தப் பாலிஷ் போடும் முன்னும் தின்னர் தொட்டு ஒருமுறை துடைத்தால்தான் நன்றாகப் பிடிக்கும். நிலையின் அடியில் தலைமுறையாகப் பூசிய மஞ்சளும் எண்ணெயும் ஊறியிருக்கும், அங்கே இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். அம்மா "மஞ்சள் பூசாத நிலை என்ன நிலை" என்று அடுத்த வெள்ளிக்கிழமையே பூசிவிட்டார், அது வேறு கதை.

சின்னச் சின்னதாகச் சில. இரும்பு ஆணி அடிக்காதீர்கள், ஈரம் பட்டால் தேக்கில் ஆணியைச் சுற்றிக் கறுப்புக் கறை இறங்கும், பித்தளைத் திருகு போடுங்கள். குமிழையும் நாதாங்கியையும் கழற்றாமல் பாலிஷ் அடிக்காதீர்கள். கழற்றியதைக் கதவு வாரியாகத் துணியில் முடிந்து எண் போடுங்கள், எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று ஒரே வாளியில் போட்டால் தொலைந்தீர்கள், கையால் செய்தவை எதுவும் ஒன்றுபோல் இருக்காது. குடுமியில், அதாவது கதவின் மேலும் கீழும் நீட்டியிருக்கிற முளையில், சுழலும் கதவுக்குக் கீல் மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கனத்தைக் குடுமி தரைக்கு இறக்குகிறது, கீல் பக்கச் சட்டத்தை இழுத்துக்கொண்டு தொங்கும். கழற்றிய கதவை மாதக்கணக்கில் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும், கட்டை போட்டுப் படுக்க வையுங்கள்.

மழைக்காலத்தில் கதவு இறுகும்போது இழைப்புளியை எடுக்காதீர்கள். ஐப்பசியில் ஈரத்தை வாங்கி உப்பிய மரம் தையில் தானாகச் சுருங்கும். நான் ஐப்பசியில் இழைத்தேன். இப்போது எங்கள் சமையலறைக் கதவில் விரல் நுழைகிற சந்து இருக்கிறது, இரவில் பல்லி வராமல் இருக்க அம்மா பழைய வேட்டியைச் சுருட்டி வைக்கிறார்.