கப்பலில் சாப்பாடும் உடுப்பும்: கோட்டு தைக்க ஓடாதீர்கள்

மணிவிழா முடிந்த கையோடு பிள்ளைகள் சொகுசுக் கப்பலில் இடம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், அடுத்த வாரமே அப்பச்சி காரைக்குடி தையல்கடையில் கோட்டுக்கு அளவு கொடுத்துக்கொண்டு நிற்கிறார். பெரும்பாலும் அது வீண் செலவு.

ட்ரெஸ் கோட், அதாவது இன்ன உடைதான் போட வேண்டும் என்கிற கட்டுப்பாடு, எல்லாம் சாயங்காலத்துக்குத்தான். பகலில் ஈர நீச்சலுடையோடு சாப்பாட்டுக் கூடத்துக்குள் போகாதவரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ராத்திரிக்கு ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்று போட்டிருந்தால் காலர் வைத்த சட்டை, முழுக்கால் பேன்ட், ஷூ போதும். ஆச்சிமார்களுக்குக் கண்டாங்கியே ஜோர், அந்தக் கட்டமும் அகலக் கரையும் போட்டோவில் எடுப்பாக விழும். கூடவே ஒரு சால்வை, உள்ளே ஏசி குளிர் தாங்காது.

விசேஷ உடையில் சாப்பிட வரச் சொல்லும் ‘ஃபார்மல் நைட்’ ஏழு நாள் பயணத்தில் பெரும்பாலும் இரண்டு வரும். அன்றைக்குப் பட்டுத்துணியை எடுங்கள். உடை விஷயத்தில் கறாரான கியூனார்ட் கம்பெனிக் கப்பல்களிலேயே கோட்டு டைக்குப் பதிலாக அவரவர் நாட்டு விசேஷ உடைக்கு அனுமதி உண்டு, அதனால் பட்டு வேட்டி சட்டை தாராளமாகப் போடலாம். ஆனால் எல்லாக் கம்பெனியும் ஒன்றில்லை, கிளம்பும் முன் ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். வேட்டி என்றால் ஒட்டிக்கோ வேட்டியும் பெல்ட்டும்தான், மேல்தளத்துக் காற்று பொல்லாதது. வைக்கிங், ஓஷியானியா கப்பல்களில் ஃபார்மல் நைட்டே கிடையாது. இந்த அலங்காரமே வேண்டாம் என்றால் பஃபேயில் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், கேள்வி இல்லை.

பெட்டி கட்டும்போது இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள். தீ பயத்தால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள், கெட்டிலுக்கும் அதே கதி. முதல் நாள் பெரிய பெட்டி அறைக்கு வந்துசேர ராத்திரிகூட ஆகலாம் என்பதால் அன்றைய மாற்றுடையும் மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும்.

அப்புறம் சாப்பாடு. பெரிய சாப்பாட்டுக் கூடமும் பஃபேயும் டிக்கெட்டோடு சேர்த்தி. ஸ்பெஷல் உணவகங்களுக்குப் பல கப்பல்களில் தனிக்காசு. கூடத்தில் சாப்பிட இரண்டு விதமான ஏற்பாடு உண்டு. ஒன்று நம் கல்யாண வீட்டு முதல் பந்தி, இரண்டாம் பந்தி மாதிரி: சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஒன்று, எட்டு எட்டரைக்கு ஒன்று, தினமும் அதே மேசை, அதே பரிமாறுகிறவர். இன்னொன்று இஷ்டப்பட்ட நேரத்தில் போவது. சைவக்காரர்களுக்கு நான் பந்தி ஏற்பாட்டைத்தான் சொல்வேன், ஒரே ஆள் பரிமாறினால் இரண்டாம் நாளே உங்கள் வாய் ருசி அவருக்குப் பிடிபட்டுவிடும்.

டிக்கெட் போடும்போதே ‘இந்தியன் வெஜிடேரியன், முட்டை வேண்டாம்’ என்று எழுத்தில் கொடுங்கள். வெறும் வெஜிடேரியன் என்றால் முட்டை போட்ட கேக் வரும். காய்கறி சூப்பிலும் அடியில் கோழிச்சாறு இருக்கலாம், கேட்டுவிட்டுக் குடியுங்கள். ஏறியதும் தலைமைப் பரிமாறுகிறவரைப் பார்த்துப் பேசினால் பல கப்பல்களில் மறுநாள் மெனுவை முந்தின ராத்திரியே காட்டுவார்கள், பருப்பும் சோறும் சொல்லிவைக்கலாம். அசைவக்காரர்களுக்கு அங்கே கோழி சப்பென்றுதான் இருக்கும், பச்சை மிளகாய் தனியாகக் கேளுங்கள்.

தட்டுக்கு இரு பக்கமும் முள்கரண்டியும் கரண்டியும் வரிசையாக இருந்தால் வெளியோரத்திலிருந்து உள்ளே எடுத்து வர வேண்டும், இடப்பக்க ரொட்டித்தட்டு உங்களுடையது. சப்பாத்தியைக் கையால் பிய்க்கக் கூச்சம் வேண்டாம். ஆத்தா சுட்ட முறுக்கை வீட்டு டப்பாவில் கொண்டுபோனால் கப்பல்காரர்கள் ஏறும்போதே தடுத்துவிடலாம், கடையில் வாங்கிய சீல் பிரிக்காத பாக்கெட்டுக்கு அனேகமாகத் தடை இராது.