புது வீட்டு எர்த்: குடிபோகும் முன் பாருங்கள்

ஃப்ரிட்ஜைத் தொட்டால் சுர்ரென்கிறதா? மூணு பின் சாக்கெட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 என்றால், பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே வர வேண்டும். 90, 100 என்று தடுமாறினால் பச்சை எர்த் ஒயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் போர்டுக்குள்ளேயே திருகில் மாட்டாமல் சுருண்டு கிடக்கும். திறப்பதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

230 காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். நியூட்ரலையே எர்த் முனையில் சேர்த்து ஒப்பேற்றியிருக்கலாம். நியூட்ரல் அறுந்த அன்றைக்கு ஃப்ரிட்ஜ் உடம்பெல்லாம் கரண்ட்! எல்லா பிளக்கையும் பிடுங்கி, மெயினில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டித்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் அமைப்பு) வையுங்கள். பீப் சத்தம் வரவே கூடாது.

தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர் பக்கம் உப்புக்காற்று எர்த் பைப்பின் கிளாம்பைத் தின்றுவிடும். மெயினை அணைத்து, துருவைச் சுரண்டி, ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) போல்ட் புதிதாகப் போட்டு கிரீஸ் தடவச் சொல்லுங்கள். மணலில் ஈரம் நிற்காது. கோடையில் எர்த் பைப் புதைத்த குழிக்கு அடிக்கடி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் டெஸ்டரில் (எர்த்தின் மின்தடையை அளக்கும் கருவி) 5 ஓமுக்குள் வராவிட்டால், பைப் நீளமாவது தள்ளி இரண்டாவது குழி தோண்டுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) மாட்டாமல் மட்டும் பால் காய்ச்சாதீர்கள்.