மேட்லேபிலிருந்து ஆக்டேவ், பைதானுக்கு மாறுகிறீர்களா? விடை சத்தமில்லாமல் தப்பும் இடங்கள்

மேட்லேப் என்பது காசு கொடுத்து வாங்கும் கணக்கீட்டு மென்பொருள்; ஆக்டேவ் அதைப் போன்ற இலவச மென்பொருள், பைதான் இலவச நிரல்மொழி. உரிமக் கட்டணம் கட்டி மாளாமல் மேட்லேபை விட்டு வருபவர்கள் பிழைச் செய்தியைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள். பிழை காட்டினால் திருத்திவிடலாம். எதுவும் சொல்லாமல் தப்பு விடை தருவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

முதல் தவறு, உரிமம் காலாவதியான பிறகு தரவைத் தேடுவது. மேட்லேப் தரவைச் சேமிக்கும் மேட் கோப்பு 7.3 வடிவத்தில் இருந்தால், பைதானின் அறிவியல் கணக்கு நூலகமான சைபையின் வழக்கமான ஃபங்ஷன் அதைத் திறக்காது. எச்5பை என்ற இன்னொரு பைதான் நூலகம் திறக்கும்; ஆனால் நிரையும் நிரலும் இடம் மாறியிருக்கும். உரிமம் இருக்கும்போதே எல்லாவற்றையும் 7ஆம் வடிவத்தில் மறுபடி சேமித்துவிடுங்கள். அதில் ஒரு மாறிக்கு 2 ஜிபிதான் உச்சம். பெரிதானால் பிரித்துச் சேமிக்க வேண்டும்.

ஆக்டேவில் பழைய மேட்லேப் ப்ரோக்ராம் பெரும்பாலும் அப்படியே ஓடும். சிக்னல், கண்ட்ரோல் பேக்கேஜ்களை நிறுவினால் மட்டும் போதாது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் 'பிகேஜி லோட்' கட்டளையால் ஏற்ற வேண்டும். ஃபார் லூப்புகள் மேட்லேபைவிட மிக மெதுவாக ஓடும். அவற்றை அணிச் செயல்களாக மாற்றி எழுதுங்கள். மேட்லேபோடு வரும், கட்டப் படமாக வரைந்து ஓட்டும் சிமுலிங்க் மாதிரிகளை ஆக்டேவில் ஓட்ட வழியில்லை. சைலேப் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் உள்ள எக்ஸ்காஸில் புதிதாக வரையத்தான் வேண்டும், அதற்கு நாள் ஒதுக்குங்கள்.

பைதானில் அணிக் கணக்கு போடும் நூலகமான நம்பையில்தான் பொறிகள் அதிகம். நட்சத்திரக் குறி மேட்லேபில் அணிப் பெருக்கல். நம்பையில் உறுப்புக்கு உறுப்பு பெருக்கல். இரண்டும் 3×3 அணிகளானால் பிழையே வராது, விடை மட்டும் வேறு. அணிப் பெருக்கலுக்கு @ போட வேண்டும். 2, 4, 6 என்ற எண்களின் திட்டவிலக்கம் மேட்லேபில் 2, நம்பையில் 1.633. முன்னது எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்கிறது, பின்னது கழிப்பதில்லை. நம்பையின் திட்டவிலக்க ஃபங்ஷனில் 'டிடாஃப்' (ddof) மதிப்பை 1 ஆக்கினால் சரியாகும். குறியில்லாத 8 பிட் முழு எண்களில் 200-ம் 100-ம் கூட்டினால் மேட்லேப் 255-இல் நின்றுவிடும். நம்பை அரேக்கள் (எண் அடுக்குகள்) சுற்றி வந்து 44 என்னும். படங்களைக் கையாளுபவர்கள் பிரகாசமான இடம் கறுத்துப்போவதைப் பார்த்துக் குழம்புவது இதனால்தான். 1 முதல் 6 வரை உள்ள எண்களை 2×3 அணியாக மடக்கினால் மேட்லேபில் முதல் நிரை 1, 3, 5. நம்பையில் 1, 2, 3.

நம்பையில் இன்னொன்று: அரேயின் ஒரு துண்டை வேறு பெயரில் எடுத்து மாற்றினால் மூல அரேயும் மாறிவிடும். 'காப்பி' என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய விடையையும் புதியதையும் ஒப்பிடும்போது அச்சு அசலாக ஒத்துப்போகிறதா என்று பார்க்காதீர்கள். கூட்டும் வரிசை மாறினாலே கடைசி தசமங்கள் நகரும். இரட்டைத் துல்லிய (64 பிட்) எண்களில், சாதாரணக் கணக்குக்கு, சார்புப் பிழை நூறு கோடியில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும்.