லெகாஸ்பிக்கு ஒரு நாள் பயணம்: இரும்பால் வளர்ந்த பாஸ்க் சிற்றூரைப் பார்ப்பது எப்படி?

ஸ்பெயினின் வடபகுதியான பாஸ்க் நாட்டுக்குச் செல்லும் பயணிகளில் பெரும்பாலோர் பில்பாவோவில் 1997-இல் திறக்கப்பட்ட குகன்ஹைம் அருங்காட்சியகத்தையும் சான் செபாஸ்தியன் நகரின் கடற்கரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் பகுதிக்குச் செல்வத்தையும் இன்றைய முகத்தையும் கொடுத்த இரும்புத் தொழில் வளர்ந்ததோ உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் அமைந்த சிற்றூர்களில்தான். அவற்றுள் ஒன்றான லெகாஸ்பி, கிபுஸ்கோவா மாகாணத்தில் உரோலா ஆற்றின் மேற்பகுதியில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் வாழும் ஊர். இடைக்கால உலைக்களம் முதல் இருபதாம் நூற்றாண்டின் பெரிய தொழிற்சாலை வரை இரும்பின் கதை முழுவதையும் ஒரே நாளில், பெரும்பாலும் நடந்தே பார்க்க முடியும் என்பதால், தொழில் வரலாறு உள்ள ஊர்களை முதன்முறையாகப் பார்க்க விரும்புவோருக்கு இதையே பரிந்துரைப்பேன்.

இத்தகைய ஊரில் கோட்டையோ பெரிய தேவாலயமோ நம்மைக் கைபிடித்து அழைத்துச் செல்வதில்லை. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை தவறினால், ஒரு பழைய பட்டறை, சில தொழிலாளர் குடியிருப்புகள், ஓர் ஆலைச் சுவர் என்று தொடர்பில்லாத காட்சிகளாகவே மனத்தில் தங்கும். காடு, நீர், சம்மட்டி, ஆலை, வீடு என்று இரும்பு சென்ற வழியிலேயே நாமும் சென்றால் ஊர் தானாக விளங்கும். கீழ்க்காணும் படிகளை அந்த வரிசையிலேயே அமைத்திருக்கிறேன்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுத்தல்

பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது இது. ஊருக்குத் தெற்கே உள்ள மிராந்தாவோலா உலைக்களத்தில், நீர்ச்சக்கரத்தை ஓட்டி, துருத்தியை இயக்கி, இரும்பை அடித்துக் காட்டும் செய்முறை நடைபெறுகிறது. அது தினமும் நடப்பதன்று. பொதுவாக ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நடக்கும். பருவத்துக்கேற்ப அட்டவணை மாறும். செய்முறை இல்லாத நாளில் சென்றால் அசையாத சக்கரத்தையும் அணைந்த உலையையும் மட்டுமே பார்ப்பீர்கள். எனவே லெகாஸ்பியின் அருங்காட்சியகங்களை நிருவகிக்கும் லென்பூர் அறக்கட்டளையின் இணையதளத்தில் அந்த மாதத்துக்கான நாளையும் நேரத்தையும் பார்த்து, இடத்தையும் முன்பதிவு செய்துவிட்டு, மற்ற ஏற்பாடுகளை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் வாழ்வைக் காட்டும் வழிகாட்டிச் சுற்றுலாவும் குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே நடப்பதால், இரண்டும் ஒரே நாளில் அமைகின்றனவா என்று கேட்டு எழுதுவது நல்லது. ஸ்பானிஷ் மொழியில் இரண்டு வரி எழுதிக் கேட்டால் போதும். ஆங்கிலத்தில் விளக்கம் தேவை என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். பயணத்தின் பெரும்பகுதி ஸ்பெயினில் என்றால் விண்ணப்பமும் ஸ்பெயினுக்கே செல்ல வேண்டும்.

படி 2: சென்று சேர்தல்

சான் செபாஸ்தியனில் தங்கிக்கொண்டு காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புவது எளிது. அந்நகரைப் பாஸ்க் மொழியில் தொனோஸ்தியா என்பார்கள். நிலையப் பலகைகளில் இரு பெயர்களையும் காணலாம். ரென்ஃபே நிறுவனத்தின் புறநகர் ரயில்கள் இருன் நகரிலிருந்து சான் செபாஸ்தியன், தொலோசா, பெயாசாயின், சுமார்ராகா வழியாக லெகாஸ்பிக்கு வந்து, அதற்கு அடுத்த பிரிங்கோலாவில் முடிகின்றன. பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஏறும் முன் ரயில் பிரிங்கோலா வரை செல்கிறதா என்று அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்கள் குறைவு என்பதால், திரும்பும் ரயிலின் நேரத்தையும் காலையிலேயே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ரயிலில் சன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். மாட்ரிட்டையும் பிரெஞ்சு எல்லையையும் இணைக்க 1864-இல் முழுமையடைந்த இருப்புப்பாதையில்தான் நீங்கள் செல்கிறீர்கள். ஒடுங்கிய பள்ளத்தாக்கில் ஆறு, சாலை, ரயில், ஆலை, அடுக்குமாடி வீடு எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்பதை வழிநெடுக முழுவதும் பார்க்கலாம். பெயாசாயினில் ரயில் பெட்டிகள் செய்யும் காஃப் நிறுவனத்தின் பெரும் ஆலை தண்டவாளத்தை ஒட்டியே இருக்கிறது. சமதளம் அரிதான இந்த நாட்டில் ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளி விட இடமிருக்கவில்லை.

படி 3: காட்டையும் ஆற்றையும் முதலில் பார்த்தல்

லெகாஸ்பியில் இறங்கியதும் ஊருக்குள் நுழையாமல், உரோலா ஆற்றை ஒட்டித் தெற்கே மிராந்தாவோலாவை நோக்கி நடக்கத் தொடங்குங்கள். நிதானமாக நடந்தே சென்று சேரக்கூடிய தூரம்தான். வழியில் தெற்கே தெரியும் மலைத்தொடர் ஐஸ்கோரி. அதன் உயர்ந்த சிகரமான ஐச்சூரி 1,551 மீட்டர் உயரம் உடையது. உலைக்கு வேண்டிய கரி அம்மலைச் சரிவுகளில் உள்ள பீச் மரக்காடுகளிலிருந்து வந்தது. மரத்தை அடியோடு வெட்டினால் அடுத்த தலைமுறைக்குக் கரி இருக்காது என்பதால், அடிமரத்தை விட்டுவிட்டு மேற்கிளைகளை மட்டும் வெட்டி, அவை மீண்டும் வளரும்வரை பல ஆண்டுகள் காத்திருந்து, மறுபடியும் வெட்டினார்கள். கரி சுடுவோர் காடுகளை விட்டுப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியும், பருத்துக் குட்டையான அடிமரத்தின்மேல் கைகளை உயர்த்தியதுபோல் கிளைகள் நிமிர்ந்து நிற்கும் முதிய மரங்கள் பாஸ்க் மலைகளில் இன்றும் இருக்கின்றன. அடுத்த நாளும் ஒதுக்க முடிந்தவர்கள் மலையேறி அவற்றைப் பார்க்கலாம்.

மிகப் பழைய உலைகள் மலைமேல், கனிமமும் கரியும் கிடைத்த இடத்திலேயே இருந்தன. அங்கே காற்றை ஊதியவை மனிதக் கைகள். லெகாஸ்பியின் இரும்புத் தொழிலாளர்களுக்குக் காஸ்டில் மன்னர் நான்காம் சாஞ்சோ 1290-இல் உரிமைச் சாசனம் வழங்கினார் என்பதிலிருந்தே தொழிலின் பழமை விளங்கும். பின்னர் துருத்தியையும் சம்மட்டியையும் இயக்க நீரின் விசையைப் பயன்படுத்தக் கற்றதும், உலைகள் மலையை விட்டு ஆற்றங்கரைக்கு இறங்கின. ஊரும் அவற்றோடு இறங்கிப் பள்ளத்தாக்கில் நிலைபெற்றது.

படி 4: மிராந்தாவோலா உலைக்களம்

நாளின் பெரும்பகுதியை இங்கே செலவிடுங்கள். செய்முறை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே சென்று, கட்டடத்துக்குள் நுழையாமல் முதலில் வெளியே சுற்றி வாருங்கள். அணையில் தேங்கிய நீர் வாய்க்கால் வழியாக உயரத்திலேயே வந்து, திறப்பு விட்டதும் சக்கரத்தின்மேல் பாய்வதை வெளியிலிருந்துதான் தெளிவாகப் பார்க்க முடியும். இதைப் பார்த்தவருக்கு உள்ளே நடப்பது எதுவும் புதிராக இருக்காது.

உள்ளே இரண்டு வேலைகளை நீர் செய்கிறது. ஒன்று துருத்தியை ஊதுவது. மற்றொன்று சம்மட்டியைத் தூக்குவது. சுழலும் பெரிய மர அச்சில் பற்கள் போன்ற முட்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு முட்டும் சம்மட்டிக் காம்பின் வால்புறத்தை அழுத்தும்போது தலைப்புறம் எழும், முட்டு விலகியதும் விழும். நீரின் அளவைக் கூட்டினால் அடி விரைவுபடும், குறைத்தால் தணியும். சம்மட்டி அடிப்பவர் ஒரு கையால் மதகின் கயிற்றையோ கோலையோ இழுத்து வேகத்தை மாற்றுவதைக் கவனியுங்கள். வேலையின் நுட்பம் அந்தக் கையில் இருக்கிறது.

பழங்காலத்தில் இங்கே இரும்பு உருகி ஓடியதில்லை. வறுத்து நொறுக்கிய கனிமத்தையும் கரியையும் அடுக்கி ஊதினால், கிட்டம் எனப்படும் கனிமக் கழிவோடு கலந்த, பஞ்சுபோல் துளைகள் நிறைந்த இரும்புக்கட்டி உலையின் அடியில் திரளும். அதைக் குறடுகளால் இழுத்துப் பட்டடையின்மேல் வைத்து அடிக்கும்போது கிட்டம் பொறிகளாகத் தெறித்து வெளியேறும், மிஞ்சுவது இரும்பு. பெரும்பாலும் நால்வர் கொண்ட குழு இந்த வேலையைச் செய்தது. செய்முறையின்போது முதல் அடி விழுந்ததும் காலடித் தரை அதிர்வதை உணர்வீர்கள். வழிகாட்டியின் குரல் சிறிது நேரம் கேட்காது. சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வோர் ஒலியைப் பற்றி அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பொறி பறக்கும் என்பதால் தடுப்புக் கயிற்றுக்கு இப்பால் நிற்பதும், எளிதில் பற்றும் செயற்கை இழை ஆடைகளைத் தவிர்ப்பதும் நல்லது.

இவ்விடத்துக்கு ஒரு தொன்மக் கதையும் உண்டு. 1580-ஆம் ஆண்டு மே 3, திருச்சிலுவைத் திருநாளன்று, ஓய்வு நாள் என்பதை மீறி இங்கே உலையை மூட்டி வேலை செய்தார்களாம். வழக்கம்போல் கனிமமும் கரியும் இட்டும், பெரிய கட்டிக்குப் பதிலாகச் சிலுவை வடிவில் பன்னிரண்டு ராத்தல் எடையுள்ள சிறு இரும்புத் துண்டு மட்டுமே கிடைத்தது என்கிறார்கள். ஊர் மக்கள் அந்தச் சிலுவையை இன்றும் போற்றுகிறார்கள். தொழிலாளிக்கு ஓய்வு வேண்டும் என்ற எண்ணம் ஓர் உலைக்கள ஊரில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. உலைக்களத்தை அடுத்துள்ள சிற்றாலயத்தையும், வளாகத்திலேயே இருக்கும் பாஸ்க் இரும்பு அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்புங்கள்.

படி 5: உணவு

மதிய உணவு பொதுவாக ஒன்றரை மணிக்கு முன் கிடைக்காது. மூன்றரைக்குப் பின் அடுப்பு அணைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருந்தாலும் உணவகங்கள் திறந்திருக்கும், கூட்டமும் இருக்கும். செம்மறியாட்டுப் பாலில் செய்யும் இதியாசபல் பாலாடைக்கட்டி இந்த மலைகளுக்கே உரியது. சைவம் உண்போர் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும்: தொலோசாவின் கருநிற அவரையைப் பெரும்பாலும் இறைச்சியோடு பரிமாறுவார்கள். 'இறைச்சியும் மீனும் வேண்டாம்' என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், வறுத்த பச்சை மிளகாய், காய்கறிக் கலவை, முட்டை உண்போருக்கு உருளைக்கிழங்கு ஆம்லெட் என்று வயிறு நிறையக் கிடைக்கும்.

படி 6: ஆலையும் தொழிலாளர் வீடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய ஊதுலைகளில் மலிவாக இரும்பு வார்க்கத் தொடங்கியதும் ஆற்றங்கரை உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அத்தோடு லெகாஸ்பியின் கதை முடிந்திருக்கலாம். ஆனால் 1908-இல் பத்ரீசியோ எச்செவெரியா என்பவர் இங்கே சிறிய அளவில் தொடங்கிய கொல்லுலை, மண்வெட்டி, கோடரி, சம்மட்டி முதலிய கைக்கருவிகளைச் செய்து, பின்னர் எஃகையும் தானே உருவாக்கி, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த பேராலையாக வளர்ந்தது. பெயோத்தா என்ற அதன் வணிகப் பெயர் ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் உழவர்களும் கட்டடத் தொழிலாளர்களும் அறிந்த ஒன்று. அந்தப் பெயரில் கருவிகள் இன்றும் விற்கப்படுகின்றன.

வேலை தேடி ஸ்பெயினின் பிற பகுதிகளிலிருந்து வந்தவர்களுக்கு ஆலையே வீடு கட்டியது, பள்ளி நடத்தியது, வழிபடத் தேவாலயமும் எழுப்பியது. தொழிலாளர் வழித்தடச் சுற்றுலாவில் அக்கால வகுப்பறையையும் 1950-களின் தொழிலாளர் வீடு ஒன்றையும் காட்டுகிறார்கள். அந்த வீட்டில் அவசரப்படாதீர்கள். ஒரு குடும்பம் எத்தனை அடி இடத்தில் சமைத்தது, உறங்கியது, விருந்தினரை வரவேற்றது என்று பாருங்கள். பிறப்பு முதல் முதுமை வரை ஒரே முதலாளியைச் சார்ந்திருந்த அந்த வாழ்வில் பாதுகாப்பும் இருந்தது, கட்டுப்பாடும் இருந்தது. அரசியல் உரிமைகள் இல்லாத, சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிக் காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். வழிகாட்டியிடம் இதைப் பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். பலருக்கு இது சொந்தக் குடும்பத்தின் கதை. குடியிருப்புகளில் இன்றும் மக்கள் வாழ்கிறார்கள் என்பதால், சன்னல்களையும் துணி உலர்த்தும் கொடிகளையும் படமெடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

படி 7: சிற்பியின் பட்டறை

சான் செபாஸ்தியனில் பிறந்த சிற்பி எதுவார்தோ சில்யீதா (1924–2002), 1951-இல் ஹெர்னானி ஊர்க் கொல்லர் ஒருவரின் பட்டறையில் இரும்பை ஆளக் கற்றார். சிற்பங்கள் பெரிதாகப் பெரிதாக, சிறு பட்டறையின் உலையும் சம்மட்டியும் போதவில்லை. லெகாஸ்பி ஆலையின் பெரும் உலைகளையும் அழுத்த இயந்திரங்களையும் நாடி வந்தார். ஆலைத் தொழிலாளர்களோடு சேர்ந்து அவர் வேலை செய்த விதத்தை, பழைய காகித ஆலைக் கட்டடத்தில் அமைந்துள்ள சில்யீதா லாந்தோகி அருங்காட்சியகம் விளக்குகிறது. பெரிய எஃகுப் பாளத்தைச் சூடாக்கி வளைப்பது தனியொருவரால் ஆகிற காரியமன்று என்பதை இங்கே கண்ட பிறகு, அவருடைய சிற்பங்களில் பெயர் தெரியாத பல கைகளின் உழைப்பும் உங்கள் கண்ணுக்குப் படும்.

மாலை ரயிலில் சான் செபாஸ்தியன் திரும்பியதும் வெளிச்சம் மிச்சமிருந்தால், ஒந்தாரேத்தா கடற்கரையின் மேற்கு முனைக்குச் செல்லுங்கள். கட்டடக் கலைஞர் லூயிஸ் பேனியா கன்செகியுடன் இணைந்து 1977-இல் சில்யீதா அமைத்த மூன்று எஃகுச் சிற்பங்கள் அங்கே பாறைகளில் பதிந்து நிற்கின்றன. கடல் கொந்தளிக்கும் நாட்களில் அலை மேடைவரை ஏறும் என்பதால் விளிம்பருகே செல்லாதீர்கள். மழை எந்த மாதத்திலும் வரக்கூடிய நாடு அது. குடையைவிடத் தலைமறைப்புள்ள மழைச்சட்டை ஒன்று பையில் இருந்தால் மிராந்தாவோலா நடைக்கும் இந்தக் கடற்கரைக்கும் சேர்த்துப் பயன்படும்.