ஆற்றோரப் புல்வெளியில் பழைய வரப்பைக் கண்டுபிடிப்பது எப்படி

முதலில், மத்தியானத்தில் போகாதீர்கள். உச்சிவெயிலில் இங்கிலாந்தின் ஆற்றோரப் புல்வெளி வெறும் புல்வெளிதான். அந்தக் காலத்தில் மண்ணைக் குவித்து எழுப்பி, பல நூறு வருடம் மாடு மிதித்துக் கரைந்துபோன ஒரு கரை இன்று முழங்கால் உயரம்கூட இருக்காது. அது தெரிய வேண்டுமானால் வெயில் சாய்வாக விழ வேண்டும். குளிர்காலத்தில், இருட்ட ஒரு மணி நேரம் இருக்கும்போது தேம்ஸ் கரைக்குப் போய் நில்லுங்கள். அதுவரை தட்டையாகக் கிடந்த நிலத்தில் வரிவரியாக நிழல் விழும். 1924இல் தொல்லியலாளர்கள் ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டும் அலெக்சாண்டர் கெய்லரும் தென் இங்கிலாந்தின் மேல் விமானத்தில் பறந்து படமெடுத்தபோது அவர்களுக்கு உதவியதும் இந்த நிழல்தான். நமக்கு விமானம் வேண்டாம், ஆற்றுப்பாலம் போதும்.

அதைவிட நல்லது வெள்ளம் வடிகிற நாள். மேட்டிலிருந்து தண்ணீர் முதலில் இறங்கும், பள்ளத்தில் கடைசிவரை தேங்கி நிற்கும். ஒரு சாண் ஆழப் பள்ளம்கூட வெள்ளிக் கோடாகப் பளிச்சிடும். பாலத்திலிருந்தே பாருங்கள், இறங்க வேண்டாம். கடும் வறட்சியும் உதவும். மூடிப்போன அகழிக்குள் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருப்பதால் அதன்மேல் பயிர் பச்சையாக நிற்கும், சுற்றியிருப்பது வெளுத்துவிடும். 2018 ஜூலையில் அயர்லாந்தின் பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கில், அதுவரை யாருக்கும் தெரியாத, பழங்காலத்துப் பெரிய வட்டம் ஒன்று இப்படித்தான் ட்ரோன் கண்ணில் பட்டது.

சரி, ஒரு பள்ளம் தெரிந்துவிட்டது. வெட்டியது மனிதனா, ஆறா? இதில் நான் நன்றாக ஏமாந்திருக்கிறேன். ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு பள்ளத்தைக் கோட்டை அகழி என்று நம்பி, நாடா பிடித்து அளந்து, படமும் வரைந்து முடித்தேன். கடைசியில் அது ஆறு எப்போதோ கைவிட்டுப்போன பழைய தடம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தோண்டிய மண் எங்கே? அகழி வெட்டியவன் மண்ணைப் பக்கத்தில்தான் கொட்டியிருப்பான், அதனால் ஒரு ஓரத்திலாவது கரை இருக்கும். ஆற்றுத்தடத்துக்கு இப்படிக் கொட்டிய மண்கரை இருக்காது, அகலமும் இடத்துக்கு இடம் மாறும். கண்ணைப் பழக்க நினைத்தால் டார்செஸ்டர்-ஆன்-தேம்ஸ் அருகே டைக் ஹில்ஸுக்குப் போங்கள். இரண்டு பெரிய கரை, நடுவில் அகழி, மற்றப் பக்கங்களுக்கு ஆறுகளே காவல். ரோமானியர் வருவதற்கு முந்திய இரும்புக்கால வேலை. அதைப் பார்த்த பிறகு ஆற்றுத்தடத்தை யாரும் அகழி என்று சொல்லமாட்டார்கள்.

இனி எனக்கு மிகப் பிடித்தது: உழவு மேடுகள். புல்லுக்கடியில் அலையலையாக, பக்கத்தில் பக்கத்தில் ஓடும். இடைக்கால ஏர் மண்ணை ஒரே பக்கம்தான் புரட்டும். நீண்ட நிலப்பட்டையின் நடுவைச் சுற்றிச் சுற்றி உழுததில், வருடாவருடம் மண் நடுவில் ஏறி மேடானது. ஒரு மேட்டின் மேல் நின்று அதன் கடைசிவரை பாருங்கள். நேராக இருக்காது, கண்ணாடியில் தெரியும் எஸ் எழுத்துப்போல இரு முனையிலும் லேசாக வளையும். எட்டு மாடுவரை ஜோடி ஜோடியாகப் பூட்டிய நீளமான ஏரை முனைக்குப் போய்த் திருப்ப முடியாது, முன்கூட்டியே ஒடிக்க ஆரம்பிக்க வேண்டும். அந்த ஒடிப்புதான் நிலத்தில் தங்கிவிட்டது. குறுகலாக, ஸ்கேல் வைத்ததுபோல நேராக இருந்தால் அது பிற்கால உழவு.

இங்கே ஒரு பொறி உண்டு. மேட்டின் உச்சியிலேயே சின்ன வாய்க்கால் ஓடினால் அது உழவு மேடு அல்ல. ஆற்றுத் தண்ணீரை மேட்டின் மேலே விட்டு, இருபுறமும் வழியவிட்டு, பள்ளத்தில் வடித்த புல்வெளி அது. ஓடுகிற தண்ணீர் மண்ணைக் குளிரில் உறையவிடாது, புல்லும் சீக்கிரம் முளைக்கும். பார்த்துத் தெரியவில்லையென்றால் உச்சியில் குறுக்காகக் காலை இழுத்துப் பாருங்கள், குழிவு தட்டுப்படும்.

எது முந்தியது என்பதை இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் பாருங்கள். உழவு மேடுகளை நேர்க்கோடாக வெட்டிக்கொண்டு ஒரு வேலி போனால், மேடுகளுக்குப் பிந்தியது வேலி. இங்கிலாந்தில் அப்படிப்பட்ட நேர்வேலிகள் பல, சுமார் 1750 முதல் 1850 வரை பொதுநிலங்களைச் சட்டம் போட்டு அடைத்த காலத்தவை. முப்பது கெஜ உயிர்வேலியில் எத்தனை மரவகை என்று எண்ணி, வகைக்கு நூறு வருடம் போடும் கணக்கு ஒன்றும் உண்டு. விளையாட்டுக்குச் செய்யலாம், நான் நம்புவதில்லை.

வீட்டில் லைடார் படத்தையும், அதாவது விமானத்திலிருந்து லேசர் வீசி நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்த படத்தையும் பாருங்கள். இங்கிலாந்துக்கு இலவசமாகவே கிடைக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஹில்ஷேட், அதாவது செயற்கை வெயில் நிழல், போடும்போது சூரிய உயரம் முதலில் 45 பாகையில் இருக்கும், அதை 15க்கு இறக்குங்கள். திசையையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒளி வரும் திசையிலேயே ஓடும் கரை நிழல் தராமல் ஒளிந்துகொள்ளும்.

களத்தில் தோண்டக் கூடாது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் மெட்டல் டிடெக்டர் எடுத்தால் பழஞ்சின்னங்களைக் காக்கும் 1979 சட்டப்படி குற்றம். பென்சிலும் தாளும் போதும். சரிவைத் தலைப்பிரட்டைபோன்ற கோடுகளால் வரைய வேண்டும்: கனத்த தலை மேட்டுப் பக்கம், வால் சரிவின் கீழே. செங்குத்தான சரிவுக்கு நெருக்கமாக, மெல்லிய சரிவுக்கு இடம்விட்டு. என் பொய் அகழியின் படம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. தலைப்பிரட்டைகள் மட்டும் அழகாக வந்திருக்கின்றன.