தெர்மோஸ்டாட் ஷவர் வால்வைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஷவர் நீரின் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் வால்வை வாங்குவதற்கு முன், வீட்டு நீரின் அழுத்தத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் நீருக்கு ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 0.1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தமே கிடைப்பதால், குறைந்த அழுத்தத்துக்கென்று செய்யப்பட்ட வால்வையே அங்கே பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் ஷவரில் நீர் நூலாகத்தான் ஒழுகும்.

வால்வுக்குள் இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் வெந்நீரும் குளிர்நீரும் கலக்கும் அளவை மாற்றுகிறது. குளிர்நீர் திடீரென நின்றுபோனால், நல்ல வால்வு வெந்நீரையும் உடனே அடைத்துவிடும். குழந்தைகளும் முதியவர்களும் குளிக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது. கைப்பிடியை 38 டிகிரி செல்சியசில் தடுக்கும் பொத்தான் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே திருப்பிப் பாருங்கள்: அந்த எண்ணில் கைப்பிடி நின்று, பொத்தானை அழுத்தினால் மட்டுமே மேலே நகர வேண்டும்.

சுவரிலுள்ள வெந்நீர், குளிர்நீர்க் குழாய்களின் மையங்களுக்கு இடையிலான தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பல வால்வுகளுக்கு அது 150 மில்லிமீட்டர். உப்புப் படியும் நீரென்றால், வடிகட்டியும் கழற்றி மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜும் (நீரைக் கலக்கும் உட்பகுதி) உள்ளதையே வாங்குங்கள்.